ஒற்றைச் சிறுநீரகம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. பட்டு நெசவால் பெயர் பெற்ற அவ்வூரில், பாவினைத் தறியில் ஏற்றுமுன் நெசவாளர் அதன் இழைகளைக் கணக்கிட்டு அமைத்துக்கொள்வர். தறியேறிய பின் பாவின் அகலத்தைப் பெருக்குதல் இயலாது. உள்ள இழைகளைக் காத்தே சேலை முழுவதையும் நெய்து முடித்தல் வேண்டும்.

மனித உடலிலும் இத்தகையதோர் அமைப்பு உண்டு. அதுவே சிறுநீரகம். முதுகெலும்பின் இருமருங்கிலும் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இவ்வுறுப்புகள், நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடித்தெடுக்கின்றன. அதிற் பெரும்பகுதியை மீண்டும் குருதியிலேயே சேர்த்து, கழிவுகளோடு கூடிய ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. நெப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் இப்பணியைச் செய்கின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அவை சுமார் 10 இலட்சம் உள்ளன. கருவுற்ற 36ஆம் வாரத்தை ஒட்டி அவை தோன்றுதல் நின்றுவிடும். அதன்பின் புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. அறுந்த இழையை நெசவாளர் முடிந்துகொள்வர். அழிந்த நெப்ரானை மீட்க வல்லார் எவரும் இலர்.

ஆயிரம் முதல் இரண்டாயிரம் குழந்தைகளுள் ஒன்று, இயங்கும் சிறுநீரகம் ஒன்றே உடையதாய்ப் பிறக்கிறது. முற்காலத்தில் இதனை அறியாமலே முதுமை எய்தியோர் பலர். இக்காலத்திலோ, தாய் கருவுற்றிருக்கும்போதே ஸ்கேன் வழியாக இது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

ஆரணியின் தறிவீடு ஒன்றில் அத்தகைய குழந்தை பிறந்ததாகக் கொள்க. பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் இயற்கை அக்குழந்தையைக் கைவிடுவதில்லை. இணையற்ற அச்சிறுநீரகம் கருவிலேயே பருத்து வளரத் தொடங்கி, இரண்டின் பணியையும் தானே ஏற்கிறது. குழந்தை ஏனைய குழந்தைகளைப் போலவே உண்டு, ஓடி, கற்று வளரும். அதனைப் பொத்திப் பொத்தி வளர்த்து, விளையாட்டினின்று விலக்கி வைத்தல் வேண்டுவதில்லை. உடலோடு உடல் மோதும் ஆட்டங்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு நடத்தல் நலம். 2003ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், நீளந்தாண்டுதலில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலப் பதக்கம் வென்றவர் இந்திய வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜ். தாம் ஒரே சிறுநீரகத்துடன் அந்நிலையை எய்தியதாக அவர் 2020ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார்.

அச்சம் ஒரு பிழையாயின், மறதி மற்றொரு பிழையாகும். இருவர் சுமக்கும் பாரத்தை ஒருவரே நெடுங்காலம் சுமந்தால் தளர்ச்சி வருதல் கூடும். மிகுந்த வேலையால் வடிகட்டிகளுள் அழுத்தம் ஏறி, சிலருக்குக் காலப்போக்கில் அவை பழுதுறுகின்றன. இதில் வலி தோன்றுவதில்லை. அதுவே இதன் கொடுமை. குருதி அழுத்தம் சிறிது உயர்தலும், சிறுநீரில் புரதம் கசிதலுமே முதல் அடையாளங்கள். இவற்றைக் கண்ணால் காண முடியாது. சோதனையால்தான் அறிய முடியும்.

ஆதலால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் குருதி அழுத்தத்தை அளத்தலும், சிறுநீரைச் சோதித்தலும் கடமையாகும். குழந்தையின் கைக்கு ஏற்ற பட்டையைச் சுற்றியே அழுத்தத்தை அளத்தல் வேண்டும். மருத்துவர் கூறும் காலங்களில் குருதியிலுள்ள கிரியாட்டினின் அளவையும், ஸ்கேன் மூலம் சிறுநீரகத்தின் வளர்ச்சியையும் பார்த்தல் வேண்டும். பழுதின் அடையாளம் தொடக்கத்திலேயே தெரிந்தால், அழுத்தத்தையும் புரதக் கசிவையும் ஒருங்கே குறைக்கும் மருந்துகள் உள. அவை கேட்டினை நெடுங்காலம் தள்ளி வைக்க வல்லன.

வீட்டில் செய்யத்தக்கனவும் சில உண்டு. ஊறுகாய், அப்பளம், கடைத் தின்பண்டம் முதலியவற்றின் உப்பைக் குறைத்தல் வேண்டும்; உடல் மிகப் பருக்க விடலாகாது; தாகத்திற்கு வேண்டிய நீரை அருந்துதல் வேண்டும். கடுங்காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் உடலின் நீர் வற்றும் முன்னரே மருத்துவரை நாடுதல் வேண்டும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது. இபுப்ரோபன், டைக்ளோபெனாக் போன்ற வலி நீக்கும் மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி விழுங்குதல் பெருந்தீங்கு விளைக்கலாம்.

இவை யாவற்றினும் சிறந்த கடமை ஒன்றுண்டு. பெற்றோர் இச்செய்தியை மறைத்தலாகாது. இதில் நாணுதற்கு யாதும் இல்லை. சிறுவயதில் தாயும் தந்தையும் நினைவில் வைத்த சோதனை, பிள்ளை பணிக்கோ படிப்புக்கோ வேற்றூர் சென்றதும் நின்றுபோதல் உண்டு. ஆனால் ஆண்டுகள் ஏற ஏறவே அச்சோதனையின் தேவையும் மிகுகிறது. எந்த மருத்துவரிடம் சென்றாலும், "எனக்குச் சிறுநீரகம் ஒன்றே" என்று தயங்காது கூறுமாறு பிள்ளையைப் பழக்குதல் வேண்டும். பெண்ணாயின், பின்னாளில் தாய்மை எய்தும்போது அச்சொல் அவளுக்கு மிகவும் பயன்படும்.

ஒன்றே உடையார் அதனை எண்ணி வருந்துதல் வேண்டா. மறந்து இருத்தலும் வேண்டா. அளவறிந்து காப்பாருக்கு அவ்வொன்றே வாழ்நாள் முழுவதற்கும் துணையாக நிற்றல் கூடும்.