அடுப்படிப் புகை

நாம் நாள்தோறும் உண்ணும் அன்னத்தையும் பருகும் ஜலத்தையும் விட அதிகமாக உட்கொள்ளும் வஸ்து காற்றேயாகும். கிணற்று நீர் கலங்கினால் உடனே பஞ்சாயத்தாரிடம் முறையிடும் நாம், வீட்டுக்குள் காற்று கெட்டிருப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அடுப்புப் புகை சமையலோடு பிறந்தது என்று விட்டுவிடுகிறோம்.

விறகும் பருத்திமாரும் வறட்டியும் முற்றும் எரிவதில்லை. எரியாத மிச்சத்தில் ஒரு பகுதி நுண்துகளாகப் பறக்கும். ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறாக்கினால் அதில் இரண்டரைக் கூறுக்கும் குறைந்த பருமனுள்ள துகள்கள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். மற்றொரு பகுதி கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்தில் பிராணவாயுவுக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டுக் கரி நெருப்பின் அருகே உறங்கியவர்கள் விழிக்காமலே போவது இதனால்தான்.

சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகக் காற்றை அளந்து 2002-ல் முடிவை வெளியிட்டனர். விறகடுப்பு எரியும் வேளையில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை துகள் இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால், சமைப்பவருக்கு 231, சமைக்காதவருக்கு 90. உலக சுகாதார நிறுவனம் மிக நுண்ணிய துகளுக்கு 2021-ல் விதித்த ஒரு நாளைய வரம்போ 15 தான். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், கடன் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் திண்ணையில் இருக்கிறார். புகையின் பெரும்பங்கு அவர் மனைவிக்கும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தைக்குமே போகிறது.

பரிகாரம் இல்லாமலில்லை. இந்திய சர்க்கார் 1983-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ்ப் புகை குறைந்த அடுப்புகள் கோடிக்கணக்கில் அளிக்கப்பட்டன. அவற்றுள் அநேகம் பழுதுபார்ப்பாரின்றிக் கைவிடப்பட்டன. தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமத்தில், புகைபோக்கியின் வாயில் சாக்கு அடைத்திருந்ததை நானே கண்டேன். "தொப்பி கழன்று போயிற்று ஐயா, மழை அடுப்பில் இறங்குகிறது, என்ன செய்ய?" என்றார் அவ்வீட்டு அம்மாள். கேவலம் ஒரு தகரத் தொப்பி! இலவசமாய் வந்த அடுப்புக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

2016 முதல் உஜ்வலா திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. ஆயினும் பல வீடுகளில் காப்பிக்கு எரிவாயு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்பதே வழக்கம். கூலி நாள்தோறும் சிறுகச் சிறுக வருகிறது; சிலிண்டருக்கோ மொத்தமாகப் பணம் வேண்டியிருக்கிறது. இவ்விடத்தில்தான் சங்கம் உதவக்கூடும். பால் பணத்திலிருந்து வாரந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் பிடித்துவைத்தால், சிலிண்டர் தீரும்போது பணம் தயாராயிருக்கும்.

விறகை விட முடியாதவர்கள் அதை நன்கு உலர்த்தி எரிக்கவேண்டும். புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேல் உயர்த்தி, மாதம் ஒருமுறை கரி தட்டவேண்டும். கொசுவர்த்திச் சுருளையும் மூடிய அறையில் கொளுத்தலாகாது. ஒரு சுருள் விடும் நுண்துகள், 75-க்குக் குறையாத சிகரெட்டுகளின் புகைக்குச் சமமென்று கண்டிருக்கிறார்கள். கொசுவலை இதனினும் மேல்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் சிலிண்டர்ச் சேமிப்பை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம். அன்று அடுப்படியில் நிற்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். தொகை எவ்வளவு என்பதை அவர்களே சொல்லட்டும்.