இல்லத்துப் படவரங்கிற்குரிய ஓசையற்ற கணினி

படங்காண்டற்குரிய ஓர் அறையின்கண் கண்ணுக்கு எத்துணை இருள் வேண்டுமோ அத்துணை அமைதி செவிக்கும் வேண்டும். கொட்டகையில் இவ்விரண்டையும் அரங்கினரே அமைத்துத் தருகின்றனர். படங்காட்டும் பொறியைச் சுவர்க்கப்பாலுள்ள தனியறையில் நிறுத்திச் சிறியதொரு கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றனர். இல்லத்திலோ, அப்பொறியின் இடத்தை வகிக்கும் கணினி தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே, காண்போர்க்கு ஐந்தாறு அடித் தொலைவிலேயே அமர்கின்றது. அதனுள் சுழலும் விசிறியின் இரைச்சலும் வட்டின் அதிர்வும் படத்தின் ஒலியோடு கலந்து செவிபுகுகின்றன. இக்குறை நேராவண்ணம் அதன் உறுப்புகளைத் தேர்ந்துகொள்வது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். எங்கள் இல்லத்தில் 76 ஆண்டு நிரம்பிய பாட்டனார் ஒருவர் உளர். பழைய திரைப்படங்களை மாலைதோறும் காண்பது அவர்க்குரிய இன்பங்களுள் எஞ்சியிருப்பது. முதுமையிற் செவிப்புலன் தளருங்கால் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதற்கண் மறைகின்றன. உயிரெழுத்துகளின் ஒலி வலியது, தாழ்ந்த சுருதியது. க, ச, த முதலிய வல்லினமெய்களின் ஒலியோ நுண்ணியது, கணப்பொழுதில் மறைவது. ஆதலின் பேச்சின் உயிர்கள் பாட்டனார்க்குக் கேட்கின்றன, மெய்கள் கேட்பதில்லை. 'கடல்' என்பதற்கும் 'படல்' என்பதற்கும் அவர்க்கு வேறுபாடு புலப்படுவதரிது. இந்நிலையிலுள்ள செவிக்கு அருகில் ஓர் இரைச்சல் நிகழுமாயின், எஞ்சிய மெய்களையும் அது விழுங்கிவிடுகின்றது. ஒலியைப் பெருக்கினாற் போதாதோ எனின், போதாது; பேச்சுத் தெளியுமளவிற்குப் பெருக்கிய ஒலி, பாட்டும் சண்டையும் வருங்கால் வீட்டாரனைவரையும் வெருட்டுகின்றது. ஆகவே, ஒலியை ஏற்றுவதினும் இரைச்சலை இறக்குவதே தக்க நெறியென்று கண்டு இத்துறையிற் புகுந்தேன்.

ஓசையும் வெப்பமும் இருவேறு பொருள்களெனத் தோன்றினும் ஈண்டு ஒன்றே. கணினி உண்ணும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. வெப்பத்தை ஓட்டுதற்கே விசிறி, விசிறியினாலேயே ஓசை. எனவே, ஓசையடக்க விரும்புவோன் முதற்கண் நோக்கவேண்டுவது விசிறியையன்று, எத்தனை வாட் ஆற்றல் உட்புகுகின்றது என்பதையே. பலர் முதலிற் பேராற்றல் வாய்ந்த பொறியை வாங்கிப் பின்னர் அதனை அடக்குதற்கு விலையுயர்ந்த விசிறிகளைத் தேடி அலைகின்றனர். இது முறைபிறழ்ந்த செயலாம்.

இனி, பிராசஸர் எனப்படும் கணிப்புச் சில்லைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பாம். நான்கு 'கே' எனப்படும் படம் ஒவ்வொன்றிலும் 3840 × 2160 புள்ளிகள், அஃதாவது 82,94,400 புள்ளிகள் உள. வினாடிக்கு 24 படங்கள் ஓடுமெனின், 19,90,65,600 புள்ளிகளை ஒவ்வொரு வினாடியும் தீட்டல் வேண்டும். இத்துணைச் செய்தியையும் அப்படியே சேமித்தல் இயலாதாகலின், அதனைச் சுருக்கி வைக்கும் முறைகள் பல வகுக்கப்பட்டன. 2003-இல் எச்.264 என்பதும், 2013-இல் எச்.இ.வி.சி. என்பதும், 2018-இல் ஏ.வி.1 என்பதும் வெளிவந்தன. பின்வந்த முறை முன்வந்ததினும் மிகுதியாகச் சுருக்கவல்லது. ஆயின், சுருக்கியதை விரித்தற்கு உழைப்பும் மிகுதியாக வேண்டும்.

அவ்வுழைப்பை இருவகையாற் செய்யலாம். சில்லின் பொதுவாகிய கணிப்புறுப்புகளைக் கொண்டே விரித்தல் ஒன்று. அவ்வொரு தொழிற்கென்றே சில்லினுள் அமைக்கப்பெற்ற தனிச்சுற்றினால் விரித்தல் மற்றொன்று. முன்னையதில் உறுப்புகளனைத்தும் முழுவிசையோடு உழைத்து வெந்து, விசிறி அலறத்தொடங்கும். பின்னையதில் சில வாட்டுகளிலேயே காரியம் முடிந்துவிடும். ஆதலின் சில்லின் விரைவைக் காட்டிலும், அதன்கண் எந்தெந்தச் சுருக்குமுறைக்குத் தனிச்சுற்று உளது என்பதே உசாவத்தக்கது. ஓர் எடுத்துக்காட்டு: 2021-இல் வெளிவந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்பது 65 வாட் அளவினது, ஆற்றல் மிக்கது, எனினும் ஏ.வி.1 முறைக்குரிய தனிச்சுற்று அதன்கண் இல்லை. 2023-இன் தொடக்கத்தில் வந்த இன்டெல் நிறுவனத்தின் என்100 என்னும் சிறு சில்லோ 6 வாட் அளவினதாயினும், மேற்கூறிய மூன்று முறைகளுக்கும் தனிச்சுற்றுடையது. இடையிடையே அது 6 வாட்டினும் மிகுதியாக உண்ணுதல் உண்டு. படம் ஓடுங்கால் அது பெரிதன்று. படங்காண்டற்கு மட்டும் கணினி வேண்டுவோன் இவ்விரண்டனுள் எளியதையே கொள்வது அறிவுடைமை.

ஆற்றல் மிக்க சில்லை முன்னரே வாங்கிவிட்டோர்க்கும் ஒரு வழி உண்டு. சில்லின் மின்செலவு அதற்கூட்டப்படும் வோல்ட் அளவின் இருமடிப்பெருக்கத்தை ஒட்டி ஏறியிறங்கும். 1.2 வோல்ட்டை 1.0 வோல்ட்டாகக் குறைத்து இயக்கக் கூடுமாயின், அதே விரைவிற்கு ஏறத்தாழ 30 விழுக்காடு செலவு குறையும். அவ்வாறு குறைக்க மதர்போர்டு இடந்தருகின்றதா என்பதை அதன் கையேட்டிற் பார்த்தல் வேண்டும். தனிப்பட்ட கிராபிக்ஸ் அட்டை வேண்டுமோ எனின், விளையாட்டு விரும்பாதார்க்கு அது வேண்டற்பாலதன்று. வெப்பமும் விசிறியும் விலையும் ஒருங்கே சேர்ந்த உறுப்பு அது.

வெப்பத்தை வெளியேற்றும் முறைக்கு வருவாம். சில்லின்மேற் பொருந்தும் உலோகச் செதில்தொகுதியை ஹீட் சிங்க் என்பர். ஒரு வாட்டுக்கு எத்தனை பாகை சூடேறுகின்றது என்பதே அதன் தகுதிக்கு அளவுகோல். விசிறியின்றி நிற்கும் ஒரு தொகுதி வாட்டுக்கு 2 பாகை ஏறுவதாகக் கொள்வோம். சில்லு 12 வாட் உண்ணின் 24 பாகை ஏறும். கோடைக்காலத்து மாலையில் நம்மூர் அறை 36 பாகையில் இருப்பின், சில்லின் சூடு 60 பாகையாம். இதனாற் கேடு யாதுமில்லை. அதே தொகுதியை 65 வாட் சில்லின்மேற் பொருத்தின் ஏற்றம் மட்டுமே 130 பாகையாகும். 100 பாகையை அணுகுங்கால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளுமாதலின், படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். குளிர்நாட்டார் 20 பாகை அறையில் ஆய்ந்து எழுதிய மதிப்புரைகளைப் படிப்போர், அவர்தம் கணக்கோடு 16 பாகையைக் கூட்டிக்கொண்டு படித்தல் நலம்.

விசிறியே இல்லாத அமைப்பிற் கேபினட் முழுவதும் ஹீட் சிங்காகத் தொழில்புரிவதும் உண்டு. ஸ்ட்ரீகாம் போன்ற நிறுவனத்தார் அலுமினியப் பெட்டியின் பக்கச்சுவர்களையே செதில்களாக்கிச் சில்லிலிருந்து செப்புக்குழாய்களை அச்சுவர்களுக்கு ஓட்டுகின்றனர். இக்குழாய்களின் செயல் வியக்கத்தக்கது. குழாயினுள் காற்றகற்றிச் சிறிது நீர் அடைக்கப்பட்டுள்ளது. அழுத்தம் குறைவாகலின் அந்நீர் தாழ்ந்த சூட்டிலேயே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த நுனிக்குச் சென்று வெப்பத்தைக் கொடுத்து நீராகிறது. அந்நீர் குழாயின் உட்புறத்துள்ள நுண்துளைப் படலத்தின் வழியே விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரும்புகின்றது. அசையும் உறுப்பு ஒன்றும் இன்றியே வெப்பம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சென்றுவிடுகின்றது.

ஆயினும் விசிறியை அறவே வெறுத்தல் வேண்டா. ஒரேவகை அமைப்புடைய விசிறிகளில், சுழலும் விரைவைப் பாதியாக்கினால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் குறைகின்றது. 10 டெசிபெல் குறைவே செவிக்குப் பாதியளவாகத் தோன்றுமெனின் இக்குறைவின் பெருமை விளங்கும். 80 மில்லிமீட்டர் விசிறிக்கு மாற்றாக 120 மில்லிமீட்டர் விசிறியைக் கொள்ளின், அதே விரைவில் மூன்று மடங்கிற்கு மேற்பட்ட காற்றை அது வீசும். அத்துணைக் காற்று வேண்டாமையால் விரைவை மூன்றிலொரு பங்கினும் குறைக்கலாம். விசிறி பருத்தமையால் ஏறும் ஓசையைக் கழித்துக் கணக்கிட்டாலும் 14 டெசிபெல் அளவு எஞ்சிய இலாபம் உண்டு. சிறிதாய் விரைந்து சுழல்வதினும் பெரிதாய் மெல்லச் சுழல்வதே இனிது. கடைகளில் மலிந்த, ஒளிவீசும் நான்கு சிறு விசிறிகளைக் காட்டிலும் நல்ல பெரிய விசிறி ஒன்று மேலானது.

நம் வீடுகளிற் கூரைவிசிறி சுழன்றுகொண்டே இருக்கின்றதே, கணினியின் சிற்றோசையை அஞ்சுவானேன் என்பார்க்கும் விடை கூறல் வேண்டும். கூரைவிசிறியின் ஓசை தாழ்ந்த சுருதியது, மாறாது ஒழுகுவது. செவி அதனைச் சிறிதுநேரத்தில் மறந்துவிடுகின்றது. கணினிவிசிறியோ கீச்சென்னும் தனிச்சுருதி உடையது. அதனினும் தீயது, சூட்டிற்கேற்பக் கணந்தோறும் ஏறியிறங்குவது. மாறுகின்ற ஓசையை மறத்தல் செவிக்கு அரிது. ஆகையால் மதர்போர்டின் பயாஸ் என்னும் அமைப்பில், விசிறி குறிப்பிட்ட சூடு வரையில் ஒரே மெல்லிய விரைவிற் சுழலுமாறு வரையறுத்துவிடுவது மிகவும் பயன்தரும். இதற்குக் காசு வேண்டா; கால்மணிப்பொழுது போதும்.

எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர் வழங்கும் மின்னூட்டியைப் பற்றிப் பலர் சிந்திப்பதேயில்லை. ஓசையின் பிறப்பிடம் பெரும்பாலும் அதுவே. 40 வாட் தரவேண்டிய ஒரு மின்னூட்டி 80 விழுக்காடு திறமுடையதாயின், சுவரிலிருந்து 50 வாட் பெற்றுப் 10 வாட்டைத் தன்னுள்ளேயே வெப்பமாக்குகின்றது. மலிவானதில் இவ்விரயம் மிகும். உள்ளிருக்கும் சிறுவிசிறியும் ஓயாது சுழலும். குறைந்த பளுவில் விசிறியை அறவே நிறுத்திவிடும் வகைகள் உள, விலை சற்றுயர்ந்தவை. என்100 போன்ற சில்லுடையார்க்கு இதனினும் எளிய வழி ஒன்று உளது. அஸ்ராக் நிறுவனத்தின் என்100டிசி-ஐடிஎக்ஸ் என்னும் மதர்போர்டு, மடிக்கணினிக்குரியது போன்ற 19 வோல்ட் அடாப்டரிலேயே இயங்குகின்றது. சில்லும், விசிறியற்ற ஹீட் சிங்கும் அதன்மேலேயே பொருத்தப்பட்டுள்ளன. பெட்டியினுள் எஸ்.எம்.பி.எஸ். என்பதே இல்லையாயிற்று.

ஹார்ட் டிஸ்க்கு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது. அதாவது வினாடிக்கு 90 அல்லது 120 அதிர்வு. அவ்வதிர்வு திருகாணிகளின் வழியே தகரப்பெட்டிக்குச் சென்று, வீணையின் நரம்பிற்குக் குடம் செய்யும் தொழிலை அத்தகரம் செய்யத்தொடங்கும். இடையே ரப்பர் வளையங்களை இட்டுத் தாங்குதல் ஒரு பரிகாரம். அறையினின்றே அதனை அகற்றிவிடுதல் அதனினும் நன்று. கணினியுள் இயங்குமுறைக்கு ஒரு சிறு எஸ்.எஸ்.டி. போதும்; அதில் அசைவதொன்றுமில்லை. படங்களைச் சேமித்த பெரிய வட்டை வேறறையில் வைத்து ஈத்தர்நெட் வடத்தால் இணைக்கலாம். நான்கு 'கே' ப்ளூரே தகட்டின் மிக நெருங்கிய பதிவும் வினாடிக்கு 128 மெகாபிட் அளவே வேண்டுவது. வடமோ 1,000 மெகாபிட் தாங்கும்.

பெட்டியை வைக்குமிடம் குறித்து ஒரு சொல். அழகு கருதிக் கண்ணாடிக்கதவிட்ட அலமாரியுள் அதனை அடைத்துவைப்போர் பலர். விசிறியற்ற கணினிக்கு மேலெழும் வெங்காற்றே விசிறி. அது போக்கிடமின்றி நின்றுவிடின் முற்கூறிய கணக்குகள் யாவும் பொய்த்துவிடும். செதில்கள் நிமிர்ந்து நிற்கவும், கீழும் மேலும் நான்கு விரற்கிடை வெளியிருக்கவும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். புழுதி மிகுந்த நம்மூரில் செதில்களை இரண்டு திங்களுக்கொருமுறை தூரிகையால் துடைத்தலும் இன்றியமையாதது.

படம் ஓட்டும் மென்பொருளுக்குப் பணம் செலவிடவேண்டுவதில்லை. கோடி என்பதும் வி.எல்.சி. என்பதும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றுள் வி.எல்.சி. 1996-இல் பாரிஸ் நகரத்தை அடுத்திருந்த கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய முயற்சி என்பதை நம் கல்லூரி நண்பர்கள் அறிந்து மகிழ்வார்களாக. இணையவழிப் படநிறுவனங்களின் படங்களை மட்டுமே காண்போர்க்கு இவ்வளவும் வேண்டா. அந்நிறுவனங்களுட் சில, உயர்ந்த தெளிவுடைய படத்தைக் கணினிக்கு எளிதில் விடுவதில்லையாதலின், தொலைக்காட்சியிற் செருகும் சிறுபொறியே அவர்க்குப் போதும். தம்மிடம் தகடுகளும் கோப்புகளும் சேர்த்துவைத்திருப்போர்க்கே இக்கணினி உரியது. நாள்முழுதும் 10 வாட்டில் இயங்கினும் திங்களுக்கு 7.2 யூனிட்டே செலவாகும். 60 வாட் கணினியாயின் 43.2 யூனிட் ஆகும்.

ரிச்சித் தெருவிற்குச் சென்று வாங்குவோர் அங்குக் கடையில் ஓசையைத் தேர்ந்தறிதல் இயலாது. தெருவின் ஆரவாரத்தில் எக்கணினியும் ஊமையே. இல்லத்திற் பூட்டியபின், இரவு பதினொரு மணிக்கு, கூரைவிசிறியையும் நிறுத்திவிட்டு, அரைமணிநேரம் ஒரு படத்தை ஒலியின்றி ஓடவிட்டுக் காண்போர் அமரும் இருக்கையிலேயே அமர்ந்து கேட்டல் வேண்டும். விர்ரென்னும் மெல்லிய ஓசை ஒன்று கேட்குமாயின், முதலில் ஹார்ட் டிஸ்க்கையும் பின்னர் விசிறியையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் குற்றவாளி இன்னதென்று வெளிப்படும். விசிறியும் வட்டும் இன்றியே ஓசை எழுமாயின் அது மதர்போர்டிலோ அடாப்டரிலோ உள்ள கம்பிச்சுருள்களின் நடுக்கமாகும். அதனைத் திருத்த நம்மாலாகாது, உறுதிமொழிக்காலம் கழியுமுன் மாற்றிக்கொள்ளுதலே செயற்பாலது.