ஏலக்காய்க்குள் மூணு அறை

தேவாரம் பக்கம் ஏலத்தோட்ட ஜீப் ஏறுகிற பெற்றோர் விடியுமுன்னே கிளம்ப வேண்டியிருக்கிறது. முதலில் தவறிப்போவது பிள்ளையின் காலைச் சாப்பாடுதான். அரசு தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க நடக்கிறது. வகுப்பு தொடங்குமுன் பரிமாறிவிடுவார்கள். பிள்ளையைச் சீக்கிரம் அனுப்புங்கள். டீயும் வர்க்கியும் கொடுத்து அந்தப் பசியை அடைத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டோடு டீ வேண்டவே வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். முருங்கைக்கீரை வைக்கிற நாளில் எலுமிச்சை பிழியுங்கள், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய் கொடுங்கள். சத்து நன்றாகச் சேரும். மதியச் சத்துணவில் முட்டை உண்டு. "முழுசா சாப்பிட்டியா தங்கம்?" என்று சாயங்காலம் கேளுங்கள்.

1 முதல் 3-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பொருள்களைத் தொட்டு, எண்ணிப் படிக்கச் சொல்கிறது. நம் வீட்டில் ஏலக்காய் இருக்கிறதே! ஒரு காயை நகத்தால் கீறித் திறந்தால் மெல்லிய தோல் பிரித்த மூணு அறை தெரியும். ஒவ்வொன்றிலும் பிசுபிசுப்பாய் ஒட்டிக்கிடக்கும் கருப்பு விதைகளைப் பிள்ளையே எண்ணட்டும். மூன்றையும் கூட்டிச் சிலேட்டில் எழுதட்டும். அடுத்த காயைத் திறந்தால் கணக்கு மாறும். எது அதிகம், எத்தனை அதிகம் என்று கேளுங்கள். கழித்தல் தானாக வந்துவிடும்.

எண்ணி முடித்த விதைகளைத் தட்டி, கருப்பட்டி போட்ட கேப்பைக் கஞ்சியில் சேருங்கள். தான் எண்ணின விதை என்று பிள்ளை ஆசையாய்க் குடிக்கும்.