கைத்தறி வீட்டில் ஒரு கிட்டார் மேசை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இசையைச் செவிக்கு விருந்து என்பர். அவ்விருந்து சமையும் அடுப்படியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கிட்டாரைச் சீர்செய்யும் சிறு மேசையொன்றை வீட்டிலேயே அமைப்பது எப்படி எனக் காண்போம்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியம். தறிக்குழியும் பாவும் போக வீட்டில் மிஞ்சும் இடம் ஒரு பாய் விரிக்கத்தான் போதும். என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காகப் படிப்பை நிறுத்தித் தறியில் அமர்ந்தவர் என் அண்ணன். மாலை வேளைகளில் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். அவருடைய கிட்டாருக்காகவே இம்மேசை உருவாயிற்று.

மேசை: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள பலகையைக் கீல் வைத்துச் சுவரில் பொருத்தினேன். கீழே இரு முட்டுக்கட்டைகள். வேலை முடிந்ததும் மடக்கிவிடலாம். நின்று வேலை செய்யும்போது முழங்கைக்குச் சற்றுக் கீழே பலகை இருந்தால் முதுகு வலிக்காது. மேலே பழைய போர்வை. கழுத்தைத் தாங்க, நடுவில் பள்ளம் வெட்டித் துணி சுற்றிய மரக்கட்டை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மெட்டுகளின் மேடுபள்ளம் நிழலில் தெரியும்.

கருவிகள்: அரை மில்லிமீட்டர் கோடிட்ட எஃகு அளவுகோல், மோட்டார் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ், ஆலன் கீ, திருப்புளி, உப்புத்தாள், கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி. இவை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும்.

இனி அளவுகள். இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. அதனால் கழுத்து வளையும். முதல் மெட்டையும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டையும் அழுத்துக. இப்போது கம்பியே நேர்கோடு. ஏழாம் மெட்டருகே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி இருப்பது நலம். மிகுந்தால், கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டின் திருகை வலப்புறமாகக் கால் சுற்று மட்டும் முறுக்குக.

அடுத்தது கம்பியின் உயரம். 12ஆம் மெட்டில் இரண்டு முதல் இரண்டரை மி.மீ. போதும். அம்மெட்டு கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது. ஆகவே அங்கே அரை மி.மீ. தாழ்த்த, பாலத்தின் மேலுள்ள வெள்ளைக்கட்டையில் ஒரு மி.மீ. தேய்க்கவேண்டும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம்தான் இது! இறுதியாகச் சுருதி: 12ஆம் மெட்டை அழுத்தினால், வெறுங்கம்பியின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு வரவேண்டும்.

இவ்வரிசை மாறலாகாது. நான் மாற்றினேன். வளைந்த கழுத்தைக் கவனியாமல் முதலில் வெள்ளைக்கட்டையைத் தேய்த்தேன். பிறகு கழுத்தை நிமிர்த்தியதும் கம்பிகள் யாவும் மெட்டுகளில் உரசிக் 'கிர்'ரென்றன. தேய்த்ததை மீண்டும் வளர்க்க முடியுமா? அன்றிரவு திருவிழாக் கச்சேரியில் அண்ணன் வெறுங்கையோடு ஓரமாக நின்றார். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே பெரிய தண்டனையாயிற்று. புதுக்கட்டை வாங்கி, முறைப்படி செய்து கொடுத்த பின்னரே எனக்கு உறக்கம் வந்தது.

நம் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுபவை, உருக்கி நகர்த்தலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைச் செய்வோர் செவியால் கேட்டே மெட்டமைக்கின்றனர். கிட்டாரின் மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. கம்பியின் எஞ்சிய நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து அவற்றின் இடம் காண்பர். 650 மி.மீ. கம்பியில் முதல் மெட்டு 36.5 மி.மீ. தொலைவில் அமையும். ஒன்று செவியின் கணக்கு. மற்றொன்று ஏட்டின் கணக்கு.

என் தந்தையார் பாவு நூலை விரலால் தட்டியே இழுவிசை சரியா எனச் சொல்லிவிடுவார். அதே இழுவிசையை நான் ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டரில் அளக்கிறேன். விரலறிவும் ஏட்டறிவும் அந்த மூன்றடிப் பலகையில் கைகோத்துக்கொண்டன. நண்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு பலகைக்கு இடம் இருக்குமன்றோ!