நீர் உடும்பு

காலை வெயில் மெல்லப் படரும் நேரம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில், நடைபாதை ஓரமாகப் பெரிய பிராணி ஒன்று அசையாமல் படுத்திருக்கிறது. அதைக் கண்டதும், “முதலை!” என்று பதறுவோர் உண்டு. அங்கு முதலைகளும் இருப்பதால் அந்த அச்சம் இயல்பானதே. ஆனால், நாவைக் கவனித்தால் ஐயம் தீரும். முதலையால் நாவை வெளியே நீட்ட இயலாது. இந்தப் பிராணியோ பிளவுபட்ட நீண்ட நாவை அடிக்கடி நீட்டி உள்ளிழுக்கிறது. இது நீர் உடும்பு.

நீர் உடும்பு பல்லி இனத்தைச் சேர்ந்தது. கொமோடோ உடும்புக்கு அடுத்து, மிகப் பெரிய பல்லிகளுள் இதுவும் ஒன்று. சதுப்புநிலக் காடுகள், ஆற்றங்கரைகள், குளங்கள் ஆகியவை இதன் வாழிடங்கள். நகர்ப்புறக் கால்வாய்களிலும் இதைக் காணலாம். பக்கவாட்டில் தட்டையான வால், நீந்துவதற்குத் துடுப்புப்போல் உதவுகிறது. கூரிய நகங்கள் மரமேறவும் வளை தோண்டவும் பயன்படுகின்றன. ‘உடும்புப்பிடி’ என்னும் மரபுத்தொடர், உடும்பினத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதை உணர்த்துகிறது.

உடும்பின் உடல் தானாகப் போதிய வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே, அது காலையில் வெயில் காய்கிறது. உடல் சூடேறிய பிறகே சுறுசுறுப்பாக இரை தேடுகிறது. காற்றிலுள்ள மணத்துகள்களை நாவால் திரட்டி, வாயின் மேற்பகுதியிலுள்ள சிறப்பு உறுப்பிடம் சேர்க்கிறது. நாவின் இரு முனைகளுள் எதில் மணம் மிகுந்துள்ளதோ, அத்திசையில் இரை இருப்பதை அது அறிகிறது.

மீன், நண்டு, தவளை, எலி, பாம்பு, பறவை முட்டை எனக் கிடைப்பதை எல்லாம் உடும்பு உண்ணும். இறந்த உயிரினங்களையும் அது விட்டுவைப்பதில்லை. அழுகும் உடல்களை உண்பதால், சதுப்புநிலத்தைத் தூய்மைப்படுத்தும் பணியையும் அது செய்கிறது.

இரக்கத்தால் சிலர் அதற்கு உணவிடுகின்றனர். அந்த இரக்கமே அதற்குத் தீங்காகிறது. உணவு தருவோரை நாடிப் பழகிய உடும்பு, மனிதர்மீதுள்ள இயல்பான அச்சத்தை இழக்கிறது. பின்னர், அது மனிதரை நெருங்கி வரும்போது, அதே மனிதர்கள் அதை ஆபத்தான விலங்கு என்கின்றனர். சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றமாகும்.

உடும்பு தானாக மனிதரைத் தேடி வந்து தாக்குவதில்லை. அதை விரட்டினாலோ பிடிக்க முயன்றாலோதான் வாலால் அடிக்கும், கடிக்கும். எனவே, அதைக் காண்போர் சற்று விலகி நின்று, அதன் வழியில் செல்ல விடுவதே நன்று.