ராத்திரியெல்லாம் சொறிகிறாள், டாக்டர்!

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் சொறிகிறாள். விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம். இப்போது எனக்கும் மகனுக்கும் அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்குகிறது, விட்டால் கூடுகிறது. 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்கிறார் மாமியார். வெளியே சொல்லக் கூசுகிறது.
- ஆர்.கே., செஞ்சி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ரத்தமும் கெடவில்லை, உங்கள் வீட்டுச் சுத்தத்திலும் குறையில்லை. நீங்கள் எழுதியிருப்பது ஸ்கேபீஸ் (சிரங்குப் பூச்சி நோய்) போலத்தான் இருக்கிறது; நேரில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் நோய் இது. எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் உலகில் சுமார் 20 கோடிப் பேருக்கு இது இருக்கும். எதற்குக் கூச்சம்?

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி மேல்தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். அவற்றின் முட்டையும் எச்சமும் தோலுக்கு ஒவ்வாததால்தான் இத்தனை அரிப்பு. முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஆகவே, இன்று சொறியாத மாமியாருக்கும் ஒட்டியிருக்கலாம். ஒரே பாயில் படுப்பதே போதும்.

மெடிக்கலில் தந்தது ஸ்டீராய்டு (அரிப்பை அமுக்கும் மருந்து) கலந்த களிம்பாக இருக்கலாம். அது பூச்சியைக் கொல்லாது, நிறுத்திவிடுங்கள்.

செஞ்சி அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலோ காட்டினால், பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு (பூச்சிக்கொல்லி மருந்து) எழுதித் தருவார்கள். அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகக்கண், தொப்புள், தொடையிடுக்கு எதையும் விடாமல் தடவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவுங்கள். ராத்திரி தடவி, காலையில் குளிக்கலாம். வீட்டில் அத்தனை பேரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும். ஒருவர் விட்டாலும் பூச்சி திரும்பிவிடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டரிடம் முன்னதாகச் சொல்லுங்கள்.

துணி, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். அலச முடியாததை பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வையுங்கள். மனித உடம்பை விட்டால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும்.

பூச்சி செத்தபிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று தினமும் தடவாதீர்கள். சீழ் வைத்தால் மட்டும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. கிருமி சேர்ந்தால் அரிதாகச் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

விடுதி வார்டனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறைத்தோழிகளும் மருந்து போடாவிட்டால், உங்கள் மகள் அடுத்த லீவுக்கும் இதே அரிப்போடுதான் வருவாள்.