நடிக்க வரும் பிள்ளைகளுக்கு

நடிக்க ஆசைப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஐயா, யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்பதுதான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கீழே சொல்பவற்றில் பாதிக்கு மேல் சிவாஜி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. அவரைப் போல நடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பாடம் படித்த வழியைப் பாருங்கள் என்கிறேன்.

1. முழு நாடகத்தையும் படியுங்கள். உங்கள் வசனத்துக்கு மட்டும் கோடு போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். திருச்சி சங்கிலியாண்டபுரத்துச் சிறுவன் கணேசன், கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த மயக்கத்தில் வீட்டை விட்டுப் போய், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே எல்லா வேடமும் கட்டும் நாடகக் குழுவில், சேர்ந்தான். அங்கே கிடைத்த வேடம் சீதை. அதே இராமாயணத்தில் பிறகு பரதன், சூர்ப்பணகை, இந்திரஜித் என்று மாறி மாறிக் கட்டினான். ஒரே கதையை இத்தனை பேர் கண்ணாலும் பார்த்தவனுக்கு, எதிரே நிற்பவன் அடுத்து என்ன செய்வான், ஏன் செய்வான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனிப் பையன்கள் மற்றவர் பாடத்தையும் காதில் வாங்கிக்கொண்டேதான் வளர்ந்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே இன்னொருவன் அந்த வேடத்தில் இறங்க வேண்டும். ஐந்து நிமிடக் குறும்படமாக இருந்தாலும் எதிராளியின் வசனத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். உங்கள் பதில் எப்படி வர வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

2. குரலைக் காப்பாற்றுங்கள். பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கொண்டாடப்பட்ட பையன் அந்தக் கட்டத்தில் பாட்டுள்ள வேடத்தை இழப்பான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டிய காலம் அது. இன்று சட்டையிலேயே மைக் மாட்டிவிடுகிறார்கள் என்பதால் பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது. தினமும் அரை மணி நேரம் உரைநடையை வாய்விட்டுப் படியுங்கள். லகர, ளகர, ழகரம் மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொண்டையால் கத்தாதீர்கள், வயிற்றிலிருந்து மூச்சை எடுங்கள். புகை கூடவே கூடாது.

3. மேடைக்கு வேண்டியது வேறு, கேமராவுக்கு வேண்டியது வேறு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1957இல் நாடகமாக மேடையேறியது, 1959இல் படமானது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது வந்தது. அந்தக் குரலும் நடையும் மேடையில் பழுத்தவை. அதே மனிதர் 'முதல் மரியாதை'யில் (1985) பாரதிராஜாவின் கேமரா முன்னால் எவ்வளவு குறைத்துக்கொண்டார் என்று பாருங்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். குறைப்பதற்கு முதலில் கையில் நிறைய இருக்க வேண்டும். அதனால்தான் மேடையில் தொடங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

4. வேண்டாம் என்று சொல்லப்படுவீர்கள். சிவாஜியின் முதல் படமான 'பராசக்தி'யின் படப்பிடிப்பின்போதே கணேசன் சரிப்பட மாட்டார், வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் அசையாமல் நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது, அடுத்து நடந்ததை ஊரறியும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்தைய கதை. புகழின் உச்சியிலும் பொங்கல்தோறும் வேலூருக்குப் பெருமாள் வீடு தேடிப் போய் மரியாதை செய்வதைச் சிவாஜி விடவில்லை. உங்களுக்காக ஒருவர் நின்றால் அவரை மறக்காதீர்கள்.

5. சக நடிகர் ஓங்கும்போது ஒதுங்கி நில்லுங்கள். 'திருவிளையாடல்' (1965) படத்தில் தருமியாக நாகேஷ் தனியே புலம்பும் காட்சியில் ஓரடியைக்கூட வெட்டாதீர்கள் என்று சிவாஜியே இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் கேட்டுக்கொண்டதாக நாகேஷ் சொல்லியிருக்கிறார். படத்தின் நாயகன் கேட்டது இது! தன் பங்கை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு இந்த மனம் வராது. முழு நாடகத்தையும் நேசிப்பவனுக்குத்தான் வரும்.

6. வாய்ப்புத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் நிற்காதீர்கள். நடிகனுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் முறை. ஆடிஷனுக்குத் தெரிந்தவர் ஒருவரோடு போங்கள், பெண் பிள்ளைகள் கட்டாயம். நிலையான வருமானம் வரும்வரை வேலையை விடாதீர்கள். நாகேஷும் ரயில்வே குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகம் போட்டவர்தான்.

7. ஸ்பெஷல் நாடகம் பாருங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓரூர், நாயகி வேடம் கட்டும் ஸ்த்ரீபார்ட் ஓரூர், சிரிக்கவைக்கும் பபூன் இன்னோரூர். சேர்ந்து ஒத்திகை பார்க்காமலே மேடையில் சந்தித்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையிருக்க, வாதத்துக்கு வாதம், பாட்டுக்குப் பாட்டு என்று இரவைக் கொண்டு செல்கிறார்கள். எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்காவிட்டால் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்காத பாடம் அது. இந்தக் கலைஞர்கள் குறைந்த சம்பளத்தில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் பின்பக்கம் போய் அவர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.